பின்சீட்டில் மூன்று மூட்டைகள்

அந்தக் காரின் பின்சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். மாமனார், மாமியார், நாத்தனார். மூன்று பேரும் மணல் மூட்டைகள்.

ஒரு கார் கடைக்கு வருமுன், முழுக் குடும்பத்தையும் சுமந்துகொண்டு அது எப்படி ஓடுகிறது என்று பார்த்தாக வேண்டும். நிஜக் குடும்பம் ஒன்றைத் தினமும் சோதனைத் தடத்துக்குக் கூட்டிவந்து உருட்டிப் புரட்ட முடியாது. அதனால் ஆள் எடைக்கு மணலை நிரப்பி, கெட்டித் துணியில் தைத்து, சீட் பெல்ட் மாட்டி உட்கார வைப்பார்கள். இருப்பதிலேயே கனமானது மாமனார். நடுவில் அசையாமல் உட்கார்ந்திருப்பது மாமியார். ஒரு மூலையில் தையல் விட்டு அடிக்கடி மணலைச் சிந்துவது நாத்தனார். "நாத்தனார் அழ ஆரம்பிச்சுட்டா, ஊசி நூல் கொண்டாங்க" என்று யாராவது குரல் கொடுத்தால், பட்டறையில் அன்றைய வேலை தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

அந்தப் பட்டறையில் வேலை பார்த்த ஒரு பெண்ணுக்குத் தராசு என்று பட்டப்பெயர். ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், கம்பி, ரப்பர் இவற்றின் கணக்கைப் போடும் பொறியாளர். யார் எதைச் சொன்னாலும் "அளந்து பார்த்தீங்களா?" என்று கேட்பாள். அதற்கு மேல் அவள் பேசி யாரும் அதிகம் கேட்டதில்லை. நாலு பேர் கூடிய இடத்தில் வாயைத் திறந்தால் அவளுக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். கூட்டங்களில் சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் இருப்பவரிடம் தள்ளிவிடுவாள்.

அந்தத் தாளை வாங்கிப் படிப்பவர் பெரும்பாலும் பம்பரம். தடத்தின் மூத்த ஓட்டுநர். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஈரத் தடத்தில் ஒரு காரைச் சுற்றோ சுற்றென்று சுற்றவிட்டு, அது ஒருவழியாக நின்றதும் இறங்கி வந்து, "பிரேக் நல்லா இருக்கு" என்று சொன்னாராம். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர்.

இப்போது அவர்கள் கையில் இருந்தது நடுத்தர அளவு செடான். குடும்பம் போக வேண்டும், ஓட்டுகிறவருக்கும் உற்சாகம் வேண்டும் என்று மேலிடத்திலிருந்து கேட்டிருந்தார்கள். முதலில் வந்த கார் குடும்பத்துக்கு மட்டும் லாயக்காக இருந்தது. ஸ்டீயரிங்கைத் திருப்பினால் மூக்கு உடனே திரும்பாது. ஒரு நொடி தயங்கி, உடம்பைச் சாய்த்து, பிறகுதான் போகும்.

"திருப்பினா யோசிக்குது" என்றார் பம்பரம். "பொண்ணு பார்க்க வந்தவங்க மாதிரி, 'வீட்டுல கலந்து பேசிட்டுச் சொல்றோம்'ங்குது."

பின்சக்கரங்கள் இரண்டையும் இணைத்துக் குறுக்கே ஒரு கம்பி ஓடுகிறது. வளைவில் கார் ஒரு பக்கம் சரியாமல் பிடித்துக்கொள்வது அதன் வேலை. அந்தக் கம்பியைத் தடிமனாக்கலாம் என்று தாளில் எழுதித் தள்ளியது அவள்தான். மாட்டிப் பார்த்தார்கள். பம்பரம் ஒரு சுற்றுப் போய்வந்து கதவைக்கூடச் சாத்தவில்லை.

"திருப்பணும்னு நினைச்சாலே திரும்புதுய்யா! யார் கம்பி இது? தராசுக் கம்பியா?"

அன்றிலிருந்து மெக்கானிக்குகள்கூட அதைத் தராசுக் கம்பி என்றே சொன்னார்கள். உதிரிபாக அலமாரியில் ஒட்டிய சீட்டிலும் அப்படியே எழுதிவிட்டார்கள். வேலைக்கு வந்தது முதல் அந்த இடத்தில் அவள் பெயரில் இருந்த ஒரே பொருள் அதுதான். அலமாரிப் பக்கம் போகும்போதெல்லாம் அந்தச் சீட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் நகர்வாள்.

வெள்ளிக்கிழமை தலைமைப் பொறியாளர் வந்து ஓட்டிப் பார்த்துச் சம்மதம் சொல்ல வேண்டியது மட்டும்தான் பாக்கி. அதற்குப் பிறகு எதையும் மாற்ற முடியாது. கார் தொழிற்சாலைக்குப் போய்விடும்.

திங்கட்கிழமை ஒரு சின்னத் தொந்தரவு. பின்சீட்டுக்குக் கீழே திருகியிருந்த சென்சார், கார் குலுங்கும்போது மட்டும் விட்டுவிட்டு வேலை செய்தது. ஒயர் எங்கே தளர்கிறது என்று பார்க்க, ஓடுகிற காரில் யாராவது பின்னால் உட்கார்ந்து அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

எல்லோரும் வேறெங்கோ பார்த்தார்கள்.

அதற்குக் காரணம் இருந்தது. தடத்தில் ஓட்டுகிறவர் யாராவது தப்புச் செய்தால் அவருடைய அனுமதி அட்டையைப் பிடுங்கிவிடுவார்கள். மறுபடி தேறும்வரை அவர் பின்சீட்டில்தான் போக வேண்டும். அதனால் அந்தப் பட்டறையில் பின்சீட் என்றாலே தண்டனை. "பின்சீட்டுக்குப் போகப்போறே பாரு" என்பது அங்கே வசவு. தேநீர் இடைவேளையில் வெறுமனே கால் நீட்டக்கூட யாரும் பின்கதவைத் திறக்க மாட்டார்கள்.

அவளுக்கு அந்த மானப் பிரச்சினை இல்லை. நாத்தனாரை இறக்கிவிட்டு ஜன்னலோரம் ஏறிக்கொண்டாள். பக்கத்தில் மாமியார். அந்தப் பக்கம் மாமனார்.

"மருமகளே, மாமியாரை இடிச்சிடாதே" என்றார் பம்பரம் கண்ணாடியில் பார்த்து. வண்டி கிளம்பியது.

நல்ல சாலையில் எல்லாம் அழகாக இருந்தது. நீண்ட வளைவில் கார் சரியவே இல்லை. பம்பரத்தின் கைகள் ஸ்டீயரிங்கில் சும்மா படுத்திருந்தன. அவர் கொஞ்சம் திருப்பினால் கொஞ்சம், நிறையத் திருப்பினால் நிறைய, கேட்டது கேட்டபடி திரும்பியது. அவளுக்குப் பெருமையாக இருந்தது.

பிறகு உடைந்த சாலை வந்தது. ஊருக்குள் இருக்கும் கெட்ட சாலைகளைப் பார்த்துப் பார்த்து அதே மாதிரி கட்டியது. ஒரு பக்கம் பள்ளம், மறு பக்கம் மேடு, பிறகு அது மாறி இது.

இடது சக்கரம் பள்ளத்தில் இறங்கியது. தடித்த கம்பி வலது சக்கரத்தையும் கூடவே இழுத்தது. கார் மொத்தமாகப் பக்கவாட்டில் வெட்டியது. அவள் தலை ஜன்னல் கண்ணாடியில் மோதியது. நிமிர்வதற்குள் அடுத்த பள்ளம். தலை மாமியார் பக்கம் போனது. மறுபடி கண்ணாடி. பிடித்துக்கொள்ளப் பின்னால் எதுவும் இல்லை. முன்சீட்டின் இரு ஓரமும் ஓட்டுகிறவரின் விலாவை அணைத்துப் பிடிக்கும். பின்சீட் பலகை மாதிரி தட்டை. முன்னால் இருப்பவர் கையில் ஸ்டீயரிங் இருக்கிறது, கண்ணுக்கு எதிரே சாலை இருக்கிறது. அவள் கண்ணுக்கு எதிரே பம்பரத்தின் பின்மண்டை இருந்தது. அது அவ்வளவாக ஆடவில்லை. அவர் சீட்டியடித்துக்கொண்டிருந்தார்.

மாமியாரும் மாமனாரும் ஆடவே இல்லை. அவர்களுக்குத் தலை இல்லை.

"அண்ணா, நிறுத்துங்க."

"ஒயர் தெரிஞ்சிடுச்சா?"

"நிறுத்துங்கண்ணா!"

இறங்கித் தடத்தின் ஓரத்துக்கு ஓடி, குனிந்து நின்றாள். காலையில் குடித்த தேநீர் புல்லில் போய்ச் சேர்ந்தது. பம்பரம் தண்ணீர் பாட்டிலோடு வந்து, சங்கடமாகத் தலையைச் சொறிந்தார்.

"என்னம்மா, ஏதாவது விசேஷமா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. கார்தான்."

"கார் என்ன பண்ணுச்சு? கார் நல்லாத்தானே இருக்கு?"

"முன்னாடி நல்லா இருக்கு."

"பின்னாடி உக்காந்தா எல்லாருக்கும் அப்படித்தான். காலையில ஒழுங்கா சாப்பிட்டிருக்க மாட்டே."

அவள் பட்டறைக்குத் திரும்பி, இத்தனை மாதம் சேர்ந்த அளவுகளைத் திறந்து பார்த்தாள். ஒரு குறையும் இல்லை. எல்லாச் சென்சாரும் காரின் தரையில் திருகியவை. தரை எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று துல்லியமாகச் சொல்லின. உட்கார்ந்திருப்பவரின் தலை உயரத்தில் என்ன நடக்கிறது என்று யாரும் கேட்கவில்லை; அதனால் அவையும் சொல்லவில்லை. எதற்கெடுத்தாலும் அளந்து பார்த்தீர்களா என்று கேட்டவள், அளக்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு மற்ற இடத்தையெல்லாம் அளந்திருந்தாள்.

சாயங்காலம் வீட்டில் அவள் சமையலறை மேடையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் கணவர் பல் மருத்துவர். கிளினிக்கிலிருந்து வந்து, கை கழுவி, அவள் நறுக்கியதைப் பார்த்தார்.

"யார் மேல கோவம்? வெங்காயம் துவையல் மாதிரி ஆயிடுச்சு."

"ஒண்ணுமில்லீங்க."

"நாள் முழுக்க என்கிட்ட வர்றவங்க எல்லாரும் வாயைத் திறக்கறாங்க. வீட்டுக்கு வந்தா நீ ஒருத்திதான் திறக்க மாட்டேங்கற."

சொல்லவும் முடியாது. விற்பனைக்கு வராத காரைப் பற்றி வெளியே மூச்சு விடக் கூடாது என்பது வேலையின் கட்டுப்பாடு. மூட்டைகளின் பெயர் மட்டும் வீட்டுக்குத் தெரியும். அதை ஒருநாள் சிரிப்புக்காகச் சொல்லியிருந்தாள். அவளுடைய நிஜ மாமியாருக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. அவர் கூடத்தில் உட்கார்ந்து பேத்தியின் பள்ளிச் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே, தினமும் கேட்பதை அன்றைக்கும் கேட்டார்.

"அங்க இருக்கற மாமியார் எப்படி இருக்கா?"

"நல்லா இருக்காங்க அத்தை. வாயே திறக்கல."

"அதனாலதான் உங்க எல்லாருக்கும் அவளைப் பிடிச்சிருக்கு" என்றார் அத்தை. நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தார். "நானும் மணலா இருந்திருந்தா எவ்வளவு நல்ல பேர் வாங்கியிருப்பேன்!"

"அம்மா, நீ மணல்னா உலகத்துல கல்லுன்னு ஒண்ணுமே கிடையாது" என்று மகன் சொல்ல, அத்தை அவர் மீது பொத்தான் டப்பாவின் மூடியை எறிந்தார். அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே வெங்காயத்தை அப்படியே விட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு ஜன்னலருகே போய் நின்றாள்.

கீழே தெருவில் கார்கள் நின்றிருந்தன. ஒரு காரின் பின்கதவு திறந்தது. ஒரு பெண், தோளில் தூங்கும் குழந்தையோடு, தலை இடிக்காமல் மெதுவாக இறங்கினாள். அடுத்த காரில் யாரோ ஒரு வயதானவர் பின்சீட்டில் சாய்ந்து வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். அந்தத் தெருவில் முன்னால் உட்கார்ந்தவர்களை விடப் பின்னால் உட்கார்ந்தவர்கள்தான் அதிகம். அவள் அதை எண்ணிப் பார்த்ததே இல்லை.

மறுநாள் ஒரு ஹெல்மெட்டின் உச்சியில் சென்சாரை ஒட்டிக்கொண்டு போனாள். அதை மாட்டிக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்தாள். பட்டறை முழுக்கச் சிரித்தது. "தராசுக்குக் கொம்பு முளைச்சிடுச்சு!" இளம் ஓட்டுநர் ஒருவர் ஓட்டினார். உடைந்த சாலையில் திரும்பத் திரும்பப் போனார்கள். இந்த முறை வெறும் வயிற்றோடு வந்திருந்ததால் மானம் தப்பியது. பிறகு ஹெல்மெட்டை முன்சீட்டில் இருந்தவர் தலையில் மாட்டி அதே சாலையில் விட்டுப் பார்த்தாள். பின்னால் ஆட்டம், முன்னால் இருந்ததைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

இரண்டு அளவுகளின் வரைபடத்தைப் பம்பரத்திடம் நீட்டினாள். அவர் கண்ணாடியை மாட்டிப் பார்த்தார், கழற்றினார்.

"உனக்குக் கழுத்து வீக்கா இருக்கு. மெலிஞ்ச கழுத்து."

"நீங்க ஒரு தடவை உக்காந்து பாருங்கண்ணா."

"எங்க?"

"பின்னாடி."

பம்பரம் எழுந்துவிட்டார். "நானா? இத்தனை வருஷத்துல ஒரு நாள்கூட என்னைப் பின்சீட்டுல யாரும் பார்த்ததில்ல. பார்க்கவும் மாட்டாங்க." பிறகு குரலைத் தாழ்த்தினார். "தராசு, கேளு. நானும் நீயும் சேர்ந்து இந்தக் காருக்கு உயிர் கொடுத்திருக்கோம். கம்பியை மாத்தினா அது மறுபடியும் தூங்குமூஞ்சி ஆயிடும். உன் பேர்ல இருக்கற கம்பி. உனக்கே அது வேண்டாமா?"

வேண்டும். அதுதான் பிரச்சினை.

வெள்ளிக்கிழமை தலைமைப் பொறியாளர் வந்தார். எல்லோரும் அவரை மேடம் என்று சொல்வார்கள். உயரமானவர், நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருந்தார், அதிகம் பேச மாட்டார். இந்த நாளுக்கென்று ஒரு முறை உண்டு. மேடம் ஓட்டுவார், பக்கத்தில் பம்பரம், பின்னால் மூன்று மூட்டைகள். மற்றவர்கள் வரிசையாக நின்று பார்ப்பார்கள். அரை மணி நேரத்தில் திரும்பிவந்து சரி அல்லது இல்லை என்பார். அவ்வளவுதான்.

மேடம் ஓட்டுநர் கதவின் பிடியில் கை வைத்தார்.

"மேடம்."

எலி கத்தியது மாதிரி ஒரு குரல். அது தன்னுடையது என்று அவளுக்கே சற்றுத் தாமதமாகத்தான் தெரிந்தது. மேடம் திரும்பினார். பம்பரம் பழக்கத்தில் தாளுக்காகக் கையை நீட்டினார். அவள் கையில் தாள் இல்லை.

"நீங்க... முன்னாடி உக்காராதீங்க."

அந்த வரிசையில் ஒருவரும் அசையவில்லை.

"தராசு..." என்றார் பம்பரம்.

"அதாவது, முதல்ல பின்னாடி உக்காந்து பாருங்க மேடம். அப்புறம் ஓட்டுங்க. முன்னாடி உக்காந்துட்டீங்கன்னா இந்தக் கார் உங்களுக்குப் பிடிச்சுப்போயிடும். பிடிச்சதுக்கு அப்புறம் அதுல குறை தெரியாது."

"எனக்குப் பிடிக்கக் கூடாதுங்கறியா?"

"பிடிக்கணும் மேடம். பின்னாடி இருக்கறவங்களுக்கும் பிடிக்கணும்." பின்சீட்டைக் காட்டினாள். "பின்னாடி தலை ஆடுது. ரொம்ப. நான் அளந்து பார்த்துட்டேன். வாந்தியும் எடுத்துட்டேன்."

பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்க, அது தும்மலாக வந்தது. மேடம் காருக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஏற்கெனவே மூணு பேர் உக்காந்திருக்காங்களே?"

"அவங்களுக்கு இன்னைக்கு லீவு" என்றாள் அவள். எங்கிருந்து அந்தப் பதில் வந்தது என்று தெரியவில்லை. மெக்கானிக்குகள் ஓடிவந்து மூட்டைகளை இறக்கினார்கள்.

மேடம் பின்னால் ஏறி உட்கார்ந்தார். பம்பரம் முன்கதவைத் திறக்கப் போனார்.

"நீங்க எங்க போறீங்க? இங்க வாங்க, இடம் இருக்கு."

பம்பரம் ஒரு கணம் நின்றார். வரிசையில் நின்றவர்கள் பக்கம் பார்க்காமல், குளிர்ந்த தண்ணீரில் இறங்குகிற மாதிரி ஒவ்வொரு காலாக எடுத்து வைத்துப் பின்சீட்டில் ஏறினார்.

அவளே ஓட்டினாள்.

அந்தக் கார் அன்று என்றைக்கும் இல்லாத அழகோடு ஓடியது. ஸ்டீயரிங் கைக்குள் உயிரோடு இருந்தது. சக்கரத்துக்குக் கீழே சாலை வழுவழுப்பா, சொரசொரப்பா என்பது விரல்களில் தெரிந்தது. நீண்ட வளைவில் ஒரே ஒருமுறை திருப்பினாள், மறுபடி திருத்த வேண்டியிருக்கவில்லை. எதிரே அடுத்தடுத்து வந்த இரண்டு திருப்பங்களில் கார் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஒரு மீனைப் போல மாறியது. இதைப் போய்க் கெடுக்கப் பார்க்கிறோமே என்று நினைத்தாள். பின்னால் மேடம் ஒன்றும் சொல்லவில்லை. ஒருவேளை நன்றாகத்தான் இருக்கிறதோ? ஒருவேளை கழுத்து மெலிவுதானோ?

உடைந்த சாலை தொடங்கும் பலகை தெரிந்தது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை லேசாக எடுத்தால் போதும். கொஞ்சம் மெதுவாகப் போனால் ஆட்டம் பாதியாகிவிடும். யாருக்கும் தெரியாது. கம்பியும் இருக்கும், அலமாரியில் அவள் பெயர்ச் சீட்டும் இருக்கும், அவள் எச்சரித்தாள் என்ற பெயரும் இருக்கும்.

காலை எடுக்கவில்லை.

கண்ணாடியில் பார்த்தாள். இரண்டு தலைகளும் ஒரே நேரத்தில் வலப் பக்கம் போயின. ஒரே நேரத்தில் இடப் பக்கம் வந்தன. பம்பரத்தின் கை மேலே பிடியைத் தேடியது. கிடைக்காமல் சீட்டைப் பற்றியது. மேடத்தின் மூக்குக்கண்ணாடி ஒரு காதிலிருந்து கழன்று தொங்கியது.

"போதும்மா" என்றார் மேடம். "நிறுத்து."

இறங்கியதும் காரின் கூரையைப் பிடித்துக்கொண்டு சிறிது நேரம் நின்றார். பம்பரம், "கொஞ்சம் காத்து வாங்கிட்டு வர்றேன்" என்று புல்வெளிப் பக்கம் நடந்தார். நேராக நடக்கவில்லை.

"இது யாரோட யோசனை?" என்று மேடம் கேட்டார். "இந்தக் கம்பி."

"என்னோடது."

"உன்னோடதா?" அவளை முதல்முறையாகப் பார்ப்பது போலப் பார்த்தார். "இத்தனை மாசம் எப்படித் தெரியாமப் போச்சு?"

"பின்னாடி யாருமே உக்காரல மேடம்."

"ஏன்?"

அவள் பதில் தேடுவதற்குள் புல்வெளியிலிருந்து குரல் வந்தது. "அது எங்க கொழுப்பு மேடம்" என்றார் பம்பரம். முகத்தைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே வந்தார். "பின்சீட்டுன்னா கேவலம்னு ஒரு நினைப்பு. இவ திங்கட்கிழமையே சொன்னா. நான்தான் கழுத்து வீக்குன்னு சொன்னேன்." தன் கழுத்தைத் தடவிக்கொண்டார். "என் கழுத்து நல்லா கெட்டியாத்தான் இருக்கு. இருந்தும் வலிக்குது."

மேடம் பிறகு தானே காரை எடுத்துக்கொண்டு தனியாக ஒரு சுற்றுப் போய்வந்தார். இறங்கும்போது உதட்டோரம் ஒரு சிரிப்பு. அதை மறைக்க முயன்றது தெரிந்தது.

"நீ சொன்னது சரி. முன்னாடி உக்காந்தா பிடிச்சுப்போகுது. ஸ்டீயரிங்கை இப்படியே வெச்சுக்கிட்டுப் பின்னாடியைச் சரி பண்ண முடியுமா?"

"தெரியல மேடம். அளந்து பார்க்கணும்."

"இந்த மாசம் முடியற வரைக்கும் பாரு. முடியலன்னா?"

"பழைய மெல்லிசுக் கம்பியைப் போட்டுடலாம். யாருக்கும் வாந்தி வராது." கொஞ்சம் தயங்கினாள். "யாருக்கும் ஓட்டவும் பிடிக்காது."

"அப்போ முடியலன்னு சொல்லிக்கிட்டு வராதே" என்றார் மேடம்.

அடுத்த வாரம் பெரும்பாலும் கார் பட்டறையின் லிஃப்ட்டில்தான் இருந்தது. மெல்லிய கம்பியைப் போட்டால் பின்சீட் அமைதியானது; முன்னால் பழைய தயக்கம் திரும்பியது. "மறுபடியும் கலந்து பேசுதும்மா" என்று பம்பரம் துக்க வீட்டிலிருந்து வருகிறவர் போலச் சொன்னார். இரண்டுக்கும் நடுவே ஒரு கம்பி. அதில் இரண்டும் அரைகுறை.

ஆனால் அவர் சொன்னதில் ஒரு வார்த்தையை அவள் பிடித்துக்கொண்டாள். கார் யோசிக்கிறது என்கிறார். எங்கே நின்று யோசிக்கிறது? ஸ்டீயரிங்கைத் திருப்பியதிலிருந்து சக்கரம் திரும்பும் வரை வழியில் உள்ள ஒவ்வொன்றாக அளந்தாள். காருக்குக் கீழே மல்லாந்து படுத்து, மேலே ஒருவரை ஸ்டீயரிங்கை ஆட்டச் சொல்லி, டார்ச் அடித்துப் பார்த்தாள். திருப்புவதைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் ரேக் என்னும் தண்டு இரண்டு ரப்பர் வளையங்களில் உட்கார்ந்திருக்கிறது. ஸ்டீயரிங் அசைந்ததும் முதலில் அந்தத் தண்டே ரப்பருக்குள் ஒரு நூல் அளவு நகர்ந்தது. அதன் பிறகுதான் சக்கரம் திரும்பியது. தயக்கம் பின்னால் இல்லை. முன்னால், அந்த ரப்பரில் இருந்தது. முன்னால் இருந்த தூக்கத்தைக் கலைக்க அவள் பின்னால் இருந்தவர்களைப் போட்டு உலுக்கியிருக்கிறாள்.

காருக்கு அடியிலேயே சிரித்தாள். "என்னம்மா ஆச்சு?" என்று மேலே இருந்தவர் பயந்துபோய்க் கேட்டார்.

கெட்டியான ரப்பர் வந்தது. நடுத்தரக் கம்பி மாட்டினார்கள். பின்சக்கரங்கள் உள்நோக்கி நிற்கும் கோணத்தை ஒரு முடியளவு குறைத்தார்கள். முதல் சுற்றில் ஸ்டீயரிங் கொஞ்சம் அதிகமாகவே பேசியது. "கை கூசுது. ஆனா இந்தக் கூச்சம் எனக்குப் பிடிச்சிருக்கு" என்றார் பம்பரம். ரப்பரை ஒரு படி இளக்கினாள். தடத்தில் இப்போது ஒரு புது முறை: ஓட்டியவர் அடுத்த சுற்றில் பின்னால் உட்கார வேண்டும். முதல் நாள் முனகினார்கள். மூன்றாம் நாள், பின்சீட்டின் சாய்மானம் இன்னும் கொஞ்சம் சரிந்திருக்கலாம், கால் வைக்க இடம் பற்றவில்லை என்று ஆளாளுக்குக் குறை சொல்லத் தொடங்கினார்கள். இத்தனை காலமாகச் சேர்த்துவைத்த குறைகளெல்லாம் ஒரே வாரத்தில் கொட்டின. உதிரிபாக அலமாரியில் தடித்த கம்பி இருந்த இடம் காலியாகிவிட்டது. அங்கே ஒட்டியிருந்த பெயர்ச் சீட்டையும் அவளே கிழித்துவிட்டாள். கொஞ்சம் வலித்தது.

மாதத்தின் கடைசி வாரத்தில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, எல்லா மாற்றங்களோடும் காரை எடுத்தாள். பம்பரம் யாரும் சொல்லாமலே பின்கதவைத் திறந்து ஏறினார். மடியில் மதிப்பெண் அட்டை, காதில் பேனா.

"ஒவ்வொரு பள்ளத்துக்கும் தனித்தனியா மார்க் போடப்போறேன். எங்கிட்டச் சலுகை கிடையாது."

"வேண்டாம்ணா."

நீண்ட வளைவில் திருப்பினாள். கார் உடனே போனது. யோசிக்கவில்லை, கலந்து பேசவில்லை. முன்பு இருந்த வெடுக்கென்ற வேகம் இல்லை. அதற்குப் பதில் ஒரு நிதானமான சம்மதம் இருந்தது. அவளுக்கு இது அதைவிடப் பிடித்திருந்தது. இரட்டைத் திருப்பத்தில் மூக்கு இந்தப் பக்கம் போய், அந்தப் பக்கம் வந்து, நேரானது. உடைந்த சாலை வந்தது. வேகத்தைக் குறைக்கவில்லை. இடது சக்கரம் பள்ளத்தில் இறங்கியது. வலது சக்கரம் தன் வழியில் போனது. கார் ஒரு முறை மூச்சு வாங்கியது போல ஏறி இறங்கியது, அவ்வளவுதான்.

"எப்படிண்ணா இருக்கு?"

பதில் இல்லை. யோசிக்கிறார் போலும் என்று விட்டாள். அடுத்த பகுதி இன்னும் மோசம். மேடும் பள்ளமும் மாறி மாறி வந்தன.

"அண்ணா, இதுக்கு எவ்வளவு போடறீங்க?"

கண்ணாடியில் பார்த்தாள். பம்பரத்தின் தலை சீட்டின் மூலையில் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. பேனா காதிலிருந்து நழுவித் தோளில் கிடந்தது. மதிப்பெண் அட்டை முழங்காலிலிருந்து கீழே விழுந்திருந்தது. ஒரு பள்ளத்துக்கும் அவர் மார்க் போடவில்லை.

அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. துடைக்கக் கையை எடுத்தாள். கார் கோணாமல் நேராகவே போய்க்கொண்டிருந்தது. உடைந்த சாலை முடியும்வரை ஓட்டி, தடத்தின் ஓரத்தில் மெதுவாக நிறுத்தினாள். நின்றதும் பம்பரம் திடுக்கிட்டு எழுந்தார்.

"ஏன் நிறுத்திட்டே?"

"தூங்கிட்டீங்கண்ணா."

"யாரு? நானா? கண்ணை மூடி ரசிச்சுக்கிட்டிருந்தேன்."

"குறட்டை விட்டு ரசிச்சீங்க."

பம்பரம் கீழே கிடந்த அட்டையை எடுத்துப் பார்த்தார். காலியாக இருந்தது. ஜன்னலுக்கு வெளியே, கடந்துவந்த சாலையை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு சட்டையைச் சரிசெய்து, பெல்ட்டை இழுத்து விட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சரி, இன்னொரு சுத்துப் போ. இந்தத் தடவை முழிச்சிருந்து பார்க்கறேன்."